ரிவெட் சுத்தியலில் பிறந்த அணி: தேம்ஸ் அயர்ன்ஒர்க்ஸ் கால்பந்துக் கழகம், 1895–1900

1900ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லண்டனின் கிழக்கு விளிம்பில் இருந்த ஒரு கால்பந்துக் கழகம் தானாகவே கலைந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான், ஏப்ரல் 30 அன்று, சதர்ன் லீக் என்ற போட்டித் தொடரின் முதல் பிரிவில் நீடிப்பதா வெளியேறுவதா என்பதை முடிவு செய்யும் ஆட்டத்தில் அது ஃபுல்ஹாமை 5–1 என்ற கணக்கில் வீழ்த்தியிருந்தது. ஆடத் தெரியாததால் மூடப்பட்ட கழகம் என்று அதைச் சொல்லவே முடியாது. ஜூலை 5 அன்று, அதே மைதானத்தையும், அதே லீக்கில் அதே இடத்தையும், ஆட்டக்காரர்களில் பலரையும் கையில் வைத்துக்கொண்டு, வேறொரு பெயரில் வரையறுக்கப்பட்ட நிறுவனம் ஒன்று பதிவாயிற்று. கலைந்த கழகத்தின் பெயர் தேம்ஸ் அயர்ன்ஒர்க்ஸ்; அதைப் பெற்றெடுத்த கப்பல் கட்டும் ஆலையின் பெயரும் அதுவே. பதிவான நிறுவனத்தின் பெயர் வெஸ்ட் ஹாம் யுனைடெட்.

ஆலையின் மடியில் பிறந்த கழகம் ஆலையை விட்டு ஏன் பிரிய நேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. தொழிற்சாலைகளில் தோன்றிய கழகங்கள் இங்கிலாந்தில் ஏராளம். வுல்விச்சில் இருந்த அரசு ஆயுதச் சாலையின் ஒரு பட்டறைத் தொழிலாளர்கள் 1886இல் தொடங்கியது ஆர்சனல். ஐல் ஆஃப் டாக்ஸில் ஜாமும் டப்பா உணவும் தயாரித்த மார்ட்டன் ஆலையின் ஆட்கள் 1885இல் தொடங்கியது மில்வால். அந்த இரண்டும் தொழிலாளர்கள் தாமே கூடி உண்டாக்கியவை. தேம்ஸ் அயர்ன்ஒர்க்ஸின் கதை அப்படிப்பட்டதன்று. அதைப் பெற்றதும் முதலாளியின் பணம், வளர்த்ததும் அந்தப் பணம், கடைசியில் கைவிட்டதும் அதே பணம்தான்.

இடமும் தளமும்

லீ ஆறு தேம்ஸில் கலக்கும் இடத்தில் வளைந்து நெளிந்து செல்லும் போ கிரீக் என்னும் கழிமுகத்தின் இரு கரைகளிலும் அந்தக் கப்பல் கட்டும் தளம் பரந்திருந்தது. நகருக்குள் நாற்றமும் புகையும் எழுப்பும் தொழில்களை 1844ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் கட்டுப்படுத்தியதால், அவை லீ ஆற்றைத் தாண்டி எசெக்ஸ் பக்கம் குடிபெயர்ந்தன. அப்படி முளைத்த தொழிலாளர் குடியிருப்புகளுள் ஒன்றுதான் கேனிங் டவுன். 1860இல் இங்கே நீரில் இறங்கிய ‘வாரியர்’ பிரிட்டிஷ் கடற்படையின் முதல் இரும்புடல் கவசப் போர்க்கப்பல். இன்றும் அது போர்ட்ஸ்மத்தில் நிற்கிறது. கழகம் தொடங்கப்பட்ட காலத்தில் தளத்தில் ஜப்பானியக் கடற்படைக்காக ‘ஃபுஜி’ என்ற போர்க்கப்பல் எழும்பிக்கொண்டிருந்தது. வேலை இருந்தது; ஆனால் அது ஆர்டரைப் பொறுத்த வேலை. கிளைட் நதிக்கரையிலும் வடகிழக்கிலும் இருந்த தளங்களுக்கு இரும்பும் நிலக்கரியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. தேம்ஸ் கரைக்கோ அவை தொலைவிலிருந்து வரவேண்டும். இந்தச் செலவு வேறுபாடு கழகத்தின் வரலாற்றில் பின்னால் வந்து நிற்கும்.

தளத்தின் தலைவர் ஆர்னால்ட் ஹில்ஸ். 1857இல் பிறந்தவர், ஹாரோ பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர். 1877ஆம் ஆண்டின் எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பை இறுதிப் போட்டியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்காக ஆடித் தோற்றார். 1879இல் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்காக ஒருமுறை களமிறங்கினார். 1880இல், இருபத்து மூன்றாம் வயதில், தந்தை வழியாக நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு வந்தவர், மாளிகையில் தங்காமல் ஐந்தாண்டுகள் கேனிங் டவுனில் தொழிலாளர் வீடுகளுக்கு நடுவே குடியிருந்தார். மது அருந்தாதவர், புலால் உண்ணாதவர், பிறரும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்பியவர்.

இந்த மனிதரை நம்மவர் ஒருவர் அருகிலிருந்து பார்த்திருக்கிறார். ஹில்ஸ் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அதன் செயற்குழுவில் சட்டம் படிக்க வந்திருந்த மோகன்தாஸ் காந்தி உறுப்பினர். சங்கம் பெரும்பாலும் ஹில்ஸின் பணத்தில்தான் நடந்தது என்பதைக் காந்தி தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். கருத்தடையை ஆதரித்துப் பேசிய டாக்டர் அலின்சனைச் சங்கத்திலிருந்து நீக்க ஹில்ஸ் தீர்மானம் கொண்டுவந்தபோது, அலின்சனின் கருத்தில் காந்திக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும், ஒழுக்கம் பற்றிய வேறுபாட்டுக்காக ஒருவரைச் சைவ உணவுச் சங்கத்திலிருந்து நீக்குவது முறையன்று என்று கருதினார். கூச்சத்தால் எழுந்து பேச முடியாமல் எழுதிக்கொண்டு போனதை வேறொருவர் படித்தார். அலின்சன் தரப்பு தோற்றது. காசு கொடுக்கிறவரே நெறியையும் வகுப்பார் என்ற வழக்கத்தை அந்தச் சிறு கூட்டத்தில் தெளிவாகக் காண முடிகிறது. கப்பல் தளத்திலும் அதுவே நடந்தது.

கருங்காலியும் கால்பந்தும்

1889ஆம் ஆண்டின் துறைமுக வேலைநிறுத்தம் கிழக்கு லண்டனை உலுக்கியதை அடுத்து, தேம்ஸ் அயர்ன்ஒர்க்ஸிலும் அடுத்தடுத்து வேலைநிறுத்தங்கள் வெடித்தன. ஹில்ஸ் வெளியாட்களைக் கொண்டுவந்து வேலையைத் தொடர்ந்தார். தொழிலாளர் மொழியில் சொன்னால் கருங்காலிகளை இறக்கினார். அதனால் உண்டான கசப்பு வேலைநிறுத்தத்தோடு தீரவில்லை. 1890களின் முற்பகுதியில் அவர் வேறு வழியைக் கையாண்டார். கூலிக்கு மேல் இலாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளருக்குத் தரும் நற்தோழமைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். எட்டு மணி நேர வேலை நாளை ஏற்றார். மதுவிலக்கு மன்றம், சைக்கிள் கழகம், கிரிக்கெட் கழகம், வாத்தியக் குழு என ஒன்றன்பின் ஒன்றாக உண்டாக்கினார். 1895 ஜனவரியில் ஆலைக்கென்றே ஓர் இதழும் தொடங்கப்பட்டது. இவற்றைக் கருணை என்று மட்டும் பார்ப்பதும் சூழ்ச்சி என்று மட்டும் பார்ப்பதும் ஒருதலைப்பட்சமாகவே முடியும். தொழிற்சங்கத்தின் மேல் ஆட்களுக்கு இருந்த பற்று ஆலையின் மேல் திரும்பினால் தளத்தில் அமைதி நிலவும் என்று ஹில்ஸ் உளமார நம்பினார். அந்த நம்பிக்கைக்குத் தாராளமாகச் செலவும் செய்தார்.

கால்பந்துக் கழகம் என்ற யோசனை கப்பல் கட்டும் பிரிவின் போர்மேன் டேவ் டெய்லருடையது. அவர் வட்டாரத்தில் ஆட்ட நடுவராகவும் இருந்தவர். கழகம் தொடங்கும் அறிவிப்பு 1895 ஜூனில் ஆலை இதழில் வெளியானது. ஆண்டுச் சந்தா இரண்டரை ஷில்லிங். ஐம்பது பேர் அளவில் சேர்ந்தார்கள். முதல் பருவத்துக்கான ஆட்டங்களை ஒழுங்கு செய்துவிட்டு டெய்லர் தம் விசிலுக்கே திரும்பிவிட்டார். நேரமும் கழகத்துக்கு வாய்ப்பாக அமைந்தது. டொனால்டு கரியின் காசில் கப்பல் நிறுவனத்தோடு தொடர்புடைய காசில் ஸ்விஃப்ட்ஸ் என்ற கழகம் அதே ஆண்டில் மூடப்பட்டது. ஹெர்மிட் சாலையில் அதற்கிருந்த மைதானத்தையும் அதன் ஆட்டக்காரர் சிலரையும் புதிய கழகம் எடுத்துக்கொண்டது.

அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் இக்கழகத்தின் முதல் முகம் தெரியும். தாமஸ் ஃப்ரீமன் கப்பலில் உலைக்குக் கரி போடுபவர். வால்டர் பார்க்ஸ் எழுத்தர். ஜானி ஸ்டூவர்ட், வால்டர் டிரான்டர், ஜேம்ஸ் லிண்ட்சே மூவரும் கொதிகலன் செய்பவர்கள். சார்லி டவ் ரிவெட் அடிக்கும் வேலையைப் பழகிக்கொண்டிருந்த பயிற்சித் தொழிலாளி. எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடியவர். ரிவெட் வேலையைக் கண்ணால் பார்க்காதவருக்கு ஒரு சொல்: உலையில் செக்கச்செவேலெனக் காய்ச்சிய ஆணியை ஒருவர் இடுக்கியால் பிடித்துத் துளையில் நுழைக்க, மறுபுறம் ஒருவர் தாங்கிப் பிடிக்க, அது ஆறுவதற்குள் சுத்தியல் ஏந்தியவர்கள் மாறி மாறி அடித்துத் தலையைத் தட்டையாக்க வேண்டும். ஒருவர் ஒரு நொடி பிந்தினாலும் ஆணி வீண். நாள் முழுதும் இந்த வேலையைச் செய்துவிட்டு, செவ்வாயும் வியாழனும் இரவில் பார்க்கிங் சாலையிலிருந்த டிரினிட்டி தேவாலயப் பள்ளியின் எரிவாயு விளக்கு வெளிச்சத்தில் இவர்கள் பயிற்சிக்குக் கூடினார்கள். பயிற்சி என்பது பெரும்பாலும் இராணுவ பாணி உடற்பயிற்சியும் சாலை ஓட்டமும்தான். பயிற்சியாளர் டாம் ராபின்சன் காசில் ஸ்விஃப்ட்ஸிலிருந்து வந்தவர். அணித்தலைவர் ராபர்ட் ஸ்டீவன்சன் முன்பு ஆர்சனலில் ஆடியவர்.

இந்த ஸ்டீவன்சனின் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஆலையின் ஆட்களிலிருந்தே அணியைத் தேர்ந்தெடுப்பதுதான் கழகத்தின் முதல் கொள்கை என்றும், பணத்துக்கு ஆடும் எண்ணம் நிறுவியவர்களுக்கு இருந்ததே இல்லை என்றும் பின்னாளில் கழகத்தின் செயலாளரான சிட் கிங் எழுதினார். ஆனால் கொள்கை வகுத்த அதே பருவத்தில், ஆர்சனலில் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் அணித்தலைவராக நிற்கிறார். வடக்கிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்களில் பந்தாடத் தெரிந்தவர்கள் தளத்தில் இருந்தார்கள் என்பது உண்மை. வேலைக்கு வந்தவன் பந்தாடுவதற்கும், பந்தாடுபவனுக்கு வேலை கிடைப்பதற்கும் இடையே உள்ள கோடு தொடக்கத்திலிருந்தே மங்கலாகத்தான் இருந்தது.

முதல் ஆட்டம் 1895 செப்டம்பர் 7 அன்று, ராயல் ஆர்ட்னன்ஸ் இரண்டாம் அணியோடு. 1–1 என்று சமநிலையில் முடிந்தது. எஃப்.ஏ. கோப்பையில் சாட்டம் அணியிடம் 5–0 எனத் தோற்று உடனே வெளியேறினார்கள். ஆனாலும் அதே பருவத்தில் வெஸ்ட் ஹாம் அறக்கட்டளைக் கோப்பையின் இறுதிப் போட்டி இருமுறை முடிவின்றிப் போய், மூன்றாம் முறை பார்க்கிங் அணியை 1–0 என வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள்.

அப்பருவத்தின் மிகச் சிறந்த காட்சி ஆட்டக் கணக்கில் வராதது. ஆலையின் பொறியாளர்கள் கம்பங்கள் நட்டு, மின்விளக்குகளைக் கட்டி, ஹெர்மிட் சாலை மைதானத்தில் இரவு ஆட்டங்களை நடத்தினார்கள். பழுப்புத் தோல் பந்து அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே சுண்ணாம்புக் கரைசல் நிரம்பிய வாளியில் அவ்வப்போது பந்தை முக்கி எடுத்துக் களத்துக்குள் வீசினார்கள். தலையால் முட்டியவர்களின் நெற்றி என்ன கதியானது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். 1896 மார்ச்சில் ஆர்சனலும் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனும் வந்து விளையாடிவிட்டுப் போனார்கள். இன்று ஆலை என்ற சொல்லைக் கேட்டதும் நன்கொடை மட்டுமே நினைவுக்கு வரும். இங்கோ தளத்தின் கைத்திறனே மைதானத்துக்கு வந்து விளக்கேற்றியிருக்கிறது. ஆலைக் கழகம் என்ற பெயருக்கு முழுப் பொருள் இருந்த பருவம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இருபதாயிரம் பவுன் மைதானம்

வேலி போட்டது, கூடாரம் எழுப்பியது, நுழைவுக் கட்டணம் வாங்கியது ஆகியவை குத்தகை விதிக்கு மாறானவை என்று கூறி 1896 அக்டோபரில் நில உரிமையாளர்கள் கழகத்தை ஹெர்மிட் சாலையிலிருந்து வெளியேற்றினார்கள். சில மாதங்கள் கிழக்கு ஹாமின் பிரவுனிங் சாலையில் ஒண்டுக்குடித்தனம். அந்த அலைக்கழிப்பிலும் 1896–97 லண்டன் லீக்கில் இரண்டாம் இடம் கிடைத்தது.

ஹில்ஸ் இதற்குத் தேடிய தீர்வு அவருடைய இயல்புக்கு ஏற்றபடி பெரியதாக இருந்தது. கேனிங் டவுனில் 20,000 பவுன் செலவில் மெமோரியல் கிரவுண்ட்ஸ் என்ற மைதானத்தை எழுப்பி, விக்டோரியா அரசியின் வைர விழாவை ஒட்டி 1897 ஜூனில் திறந்தார். சைக்கிள் ஓட்டத் தடம், ஓட்டப் பந்தயத் தடம், டென்னிஸ் ஆடுகளங்கள், திறந்தவெளி நீச்சல் குளம் எல்லாம் அங்கே இருந்தன. பெரும் கூட்டத்தைக் கொள்ளும் அரங்கு அது. வந்தவர்களோ அந்தப் பரப்பில் எள் இறைத்ததுபோல் தெரிந்தார்கள். பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாதது முக்கியக் காரணம். நிலையம் வேண்டும் என்று ஹில்ஸ் முயன்றார். அது திறந்தது 1901இல்தான்; அப்போது தேம்ஸ் அயர்ன்ஒர்க்ஸ் என்ற கழகமே இல்லை.

ஆட்டக்காரர்களின் உடையும் அவ்வேளையில் மாறியது. தொடக்கத்தில் அணிந்த கருநீலம் ஹில்ஸ் படித்த ஆக்ஸ்ஃபோர்டின் நிறம். 1897இல் வந்த நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சிவப்புக் காலுறை என்ற சேர்க்கை ஆலையின் நிறங்கள். பிற்காலத்தின் கருஞ்சிவப்பும் நீலமும் எப்படி வந்தன என்பதற்கு ஒரு சுவையான கதை உண்டு: பர்மிங்காம் சந்தையில் ஆஸ்டன் வில்லா ஆட்டக்காரர் நால்வர் சார்லி டவ்வின் தந்தையோடு பந்தயம் கட்டி ஓடித் தோற்று, பணம் கொடுக்க வழியில்லாமல் சலவைக்கு வந்த சட்டைகளைக் கொடுத்தார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது.

1897–98இல் பிரென்ட்ஃபோர்டைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று லண்டன் லீக்கை வென்றார்கள். அந்த மகிழ்ச்சியின் ஈரம் காயுமுன் தளத்தில் பெரும் துயரம் நேர்ந்தது. 1898 ஜூன் 21 அன்று ‘ஆல்பியன்’ போர்க்கப்பலை யார்க் கோமகள் நீரில் இறக்கியபோது, கப்பல் சறுக்கி விழுந்த வேகத்தில் எழுந்த அலை, பக்கத்துப் பலகைப் பாலத்தில் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தை அடித்துக்கொண்டு போனது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் பலர். ஹில்ஸ் இறந்தவர்களின் வீடுகளுக்குச் சென்றார். அடக்கச் செலவை ஏற்றார். தளமும் ஊரும் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதற்கு அந்த நாளைவிடச் சான்று தேவையில்லை.

சம்பளத்துக்கு ஆட்டம்

1898இல் கழகம் சதர்ன் லீக்கில் சேர்ந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் என்ற முறையையும் ஏற்றது. பணத்துக்கு ஆடுவதை எஃப்.ஏ. 1885இலேயே அனுமதித்திருந்தாலும் லண்டன் வட்டாரம் நெடுங்காலம் முகம் சுளித்தது. அங்கே முதலில் துணிந்த ஆர்சனல்கூட 1891இல்தான் மாறியது. தேம்ஸ் அயர்ன்ஒர்க்ஸ் மாறியபோது அது ஏறத்தாழ இரண்டுங்கெட்டான் நிலை: தளத்தில் வேலையும் பார்த்து ஆட்டத்துக்கும் கூலி வாங்கியவர்கள் ஒருபுறம், ஆட்டத்துக்காகவே தருவிக்கப்பட்டவர்கள் மறுபுறம். ஸ்காட்லாந்தின் இன்வெர்னெஸ்ஸிலிருந்து வந்த ராடரிக் மெக்கெக்ரேன் இக்காலத்தில் சேர்ந்தவர்; பின்னாளில் ஆர்சனலில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். முதல் பருவத்தின் 22 ஆட்டங்களில் 19ஐ வென்று இரண்டாம் பிரிவின் லண்டன் பகுதியில் முதலிடம் பிடித்தார்கள். முதல் பிரிவுக்கு ஏறினார்கள்.

முதல் பிரிவில் ஆலை ஆட்களை மட்டும் வைத்துத் தாக்குப்பிடிக்க முடியாது என்பது 1899 கோடையிலேயே தெரிந்திருந்தது. டாட்டன்ஹாமிலிருந்து பில் ஜாய்ஸ், கென்னி மெக்கே, டாம் பிராட்ஷா மூவரும் வந்தார்கள். நியூ பிராம்டனிலிருந்து தற்காப்பு ஆட்டக்காரர் சிட் கிங் வந்தார். பிற கழகத்து ஆட்டக்காரர்களைத் தரகர் வழியாகக் கள்ளத்தனமாக இழுக்கப் பார்த்ததாக எஃப்.ஏ. விசாரணை நடத்திக் கழகத்துக்கு அபராதம் விதித்தது. மதுவிலக்கும் நல்லொழுக்கமும் பேசிய தலைவரின் கழகத்துக்கு வந்த பழி இது. அந்தப் பருவத்தின் அணித்தலைவர் பிராட்ஷா, லிவர்பூலில் புகழ்பெற்று இங்கிலாந்துக்கும் ஆடியவர், 1899 கிறிஸ்துமஸ் நாளன்று காசநோயால் இறந்தார். அணி பதினான்காம் இடத்தில் முடித்து, முதலில் சொன்ன ஃபுல்ஹாம் ஆட்டத்தின் தயவில் பிழைத்தது.

ஹில்ஸின் மனக்கசப்பு ஆலை இதழில் வெளிப்பட்டது. உடனடி வெற்றிக்கு ஆசைப்பட்டுக் கழகங்களின் குழுக்கள் கூலிப்படையைச் சேர்க்கத் தொடங்கிவிட்டன. நம் சமூகத்தைச் சேராதவர்கள் நம்மைப் பிரதிநிதித்துவம் செய்யப் பணம் வாங்குகிறார்கள். இது மிக ஆபத்தான போக்கு என்ற பொருளில் அவர் எழுதினார். நியாயமான கவலைதான். ஆனால் அந்தக் கூலிப்படைக்கு யார் வீட்டுப் பணம் போயிற்று என்று கேட்டால் விடை அவரிடமே வந்து நிற்கிறது. இருபதாயிரம் பவுனுக்கு அரங்கம் கட்டிய பிறகு, அதை நிரப்பும் தரத்தில் ஓர் அணி வேண்டும். அந்தத் தரத்தைக் கொதிகலன் பட்டறையிலிருந்து மட்டும் எடுக்க முடியாது. ஹெர்மிட் சாலையின் வேலியோடு நின்றிருந்தால் கழகம் ஆலையுடையதாகவே இருந்திருக்கும். ஒருவேளை யாருக்கும் நினைவில் இல்லாததாகவும் இருந்திருக்கும்.

பிரிவு

இருப்பினும் பிரிவை உண்டாக்கியது இந்தக் கொள்கைச் சண்டை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. 1899இல் தேம்ஸ் அயர்ன்ஒர்க்ஸ், கிரீனிச்சில் கப்பல் இயந்திரங்கள் செய்த ஜான் பென் அண்டு சன்ஸ் நிறுவனத்தை வாங்கியது. அதற்கான மூலதனத்தைப் பொதுமக்களிடமிருந்து திரட்ட வேண்டியிருந்தது. பங்குதாரர் என்று வெளியாட்கள் வந்தபின், நிறுவனத்தின் பணத்தை எடுத்து ஒரு கால்பந்து அணியின் சம்பளப் பட்டியலை ஈடுகட்டுவது தலைவரின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இருக்க முடியாது. கழகம் தன் காலில் நிற்க வேண்டும் என்று ஹில்ஸ் சொன்னதில் கோபமும் இருந்தது, கணக்கும் இருந்தது. கணக்கே மேலோங்கி நின்றது என்பது என் கருத்து.

புதிய நிறுவனம் பத்து ஷில்லிங் விலையில் 4,000 பங்குகளை வெளியிட்டது. ஹில்ஸும் பங்கு வாங்கினார். மெமோரியல் கிரவுண்ட்ஸையும் புதிய கழகமே தொடர்ந்து பயன்படுத்தியது. ஆக, கொடையாளி போய், மைதானத்துக்கு உரிமையாளரும் பங்குதாரருமான ஒருவர் வந்தார். அந்த உறவு நான்கு ஆண்டுகள்தான் தாங்கியது. 1904இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் அப்டன் பார்க்கின் போலின் மைதானத்துக்கு இடம்பெயர்ந்து, செப்டம்பர் 1 அன்று மில்வாலை 3–0 என வென்று கணக்கைத் தொடங்கியது. அங்கேயே 2016 வரை இருந்தது.

தளத்தின் முடிவு அதற்குப் பின் வேகமாக வந்தது. வடக்கின் தளங்கள் குறைந்த விலைக்குக் கப்பல் கட்டித் தந்தன. கடற்படையின் ஆர்டர்கள் அங்கே போயின. 1911 பிப்ரவரியில் நீரில் இறங்கிய ‘தண்டரர்’ தான் தேம்ஸ் கரையில் கட்டப்பட்ட கடைசிப் பெரும் போர்க்கப்பல். மூட்டு வாதத்தால் முடங்கிப்போயிருந்த ஹில்ஸ், தளத்தைக் காக்கப் போராடித் தோற்றார். 1912 இறுதியில் கதவு மூடப்பட்டது. பிரிவு 1900இல் நடந்திராவிட்டால் அணியும் அந்தக் கதவுக்குள்ளேயே அகப்பட்டிருக்கும்.

ஆலையிலிருந்து கழகம் எடுத்துக்கொண்டுபோனது சொத்து என்று சொல்லத்தக்கதன்று. சதர்ன் லீக்கில் ஓர் இடம், ‘அயர்ன்ஸ்’ என்ற கூப்பாடு, பின்னாளில் சின்னத்தில் குறுக்காக வந்து அமர்ந்த இரண்டு ரிவெட் சுத்தியல்கள், சில மனிதர்கள். 1923 ஏப்ரலில் புதிதாகக் கட்டிய வெம்ப்லி அரங்கில் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் வெஸ்ட் ஹாம், போல்டனிடம் 2–0 எனத் தோற்றபோது, தளம் மூடிப் பத்தாண்டு கடந்திருந்தது. ஹில்ஸ் இன்னும் நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தார். அன்று அணியை அழைத்துவந்த செயலாளர் சிட் கிங். 1899இல் கப்பல் தளத்தின் சம்பளத்துக்குப் பந்தாட வந்தவர்.